முடி கொட்டுகிறதா? வயிற்றையும் கவனியுங்கள்

சீப்பில் கொத்தாக முடி வந்தால் நம்மவர்கள் முதலில் மாற்றுவது எண்ணெயை. அடுத்து ஷாம்பு. அதற்கும் நிற்காவிட்டால் அழகு நிலையத்தில் நூற்றுக்கணக்கான வெள்ளியைச் செலவிடுகின்றனர். வயிறு சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

ரவாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் கொமுட்டர் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பசியாறுவதில்லை. பத்து மணிக்கு ரொட்டி சானாயும் தே தாரேக்கும். மதியச் சோற்றோடு மறுபடியும் தேநீர். மாலையில் 'கேஸ்ட்ரிக்' என்று மருந்துக் கடையில் மாத்திரை. இதுவே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், அதன் விளைவு வயிற்றோடு நிற்பதில்லை.

முடியின் உணவு

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பானதே. முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இதற்காக முடியின் வேரிலுள்ள உயிரணுக்கள் மிக வேகமாகப் பெருக வேண்டியுள்ளது. அதற்குப் புரதம், இரும்புச்சத்து, துத்தநாகம் போன்றவை தேவை.

உடலில் சத்து குறையும்போது இதயம், மூளை போன்ற உறுப்புகளுக்கே முதலிடம். முடி இல்லாமலும் உயிர் வாழலாம் அல்லவா? அதனால் முடிக்குரிய பங்கு குறைகிறது. ஆனால் உதிர்வு உடனே தெரிவதில்லை. பொதுவாக இரண்டு மூன்று மாதம் கழித்தே தெரியும். கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தல் ஆகியவற்றுக்குப் பிறகு முடி கொட்டுவதும் இப்படித்தான்.

சாப்பிட்டால் மட்டும் போதாது

சாப்பிட்டது அனைத்தும் உடலில் சேர்ந்துவிடுவதில்லை. கீரை, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க இரைப்பையின் அமிலம் உதவுகிறது. பிறகு அது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. உணவோடு குடிக்கும் தேநீரின் துவர்ப்புச் சத்து இதைத் தடுக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் சில மாத்திரைகளை நெடுங்காலம் உட்கொண்டாலும் இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் குறையலாம்.

இன்னொன்றும் உண்டு. 'கேஸ்ட்ரிக்' என்று நாம் அலட்சியப்படுத்தும் வயிற்று வலிக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி காரணமாக இருக்கக்கூடும். இதைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இக்கிருமி அதிகம் காணப்பட்டுள்ளது. இது குடற்புண்ணை உண்டாக்கி, வெளியே தெரியாத இரத்தக் கசிவால் இரும்புச்சத்தைக் குறைக்கலாம். மூச்சுச் சோதனையால் இதைக் கண்டறியலாம், மருந்தால் குணப்படுத்தலாம்.

எல்லாவற்றுக்கும் வயிறு காரணமல்ல

முடி உதிர்வதற்கெல்லாம் வயிற்றின் மீதே பழி போடுவதும் தவறு. ஆண்களின் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தைராய்டு கோளாறும் மன உளைச்சலும்கூட முடியை உதிர்க்கும். பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்தால் முடி வளரும் என்பதற்கு ஆதாரமில்லை. அடிக்கடி பேதியானால் உடல்தான் பலவீனமாகும்.

செய்ய வேண்டியவை

காலை உணவைத் தவிர்க்காதீர்கள். முட்டை, நெத்திலி, பருப்பு, கச்சான் என ஏதாவது புரதம் தினமும் தட்டில் இருக்கட்டும். முருங்கைக்கீரை சமைக்கும் நாளில் ஒரு கொய்யாத் துண்டையோ எலுமிச்சைச் சாற்றையோ சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடலில் சேர்க்க உதவும். தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

முடி உதிர்வோடு களைப்பு, மூச்சு வாங்குதல், எடை குறைதல், கறுப்பாக மலம் போதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இரத்தச் சோதனையின்போது இரும்பின் இருப்பைக் காட்டும் பெரிட்டின் அளவையும் கேட்டறியுங்கள். சோதிக்காமல் இரும்பு மாத்திரைகளை விழுங்கக்கூடாது. அளவு மீறினால் அதுவும் கெடுதலே.

குறையைச் சரிசெய்த மறுநாளே முடி முளைத்துவிடாது; சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். அதுவரை எண்ணெய்க்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது காலைப் பசியாறலுக்குச் செலவிடுவது நல்லது.