கரிப்பானையை நம்பிக் காலம் கடத்தாதீர்கள்

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களிலிருந்து வருகிறவர்களிடம் "எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டால் சமீபகாலமாக ஒரே பதில் வருகிறது. "போர் தண்ணிதான் டாக்டர். ஆனா கொட்டாங்குச்சிக் கரி போட்ட பானையில வடிகட்டிடுறோம்." சிலர் உமிச் சாம்பல் போடுகிறார்கள், சிலர் வாழைப்பழத் தோலைக் காயவைத்துப் பொடித்துப் போடுகிறார்கள். தண்ணீரிலுள்ள ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் இதில் நீங்கிவிடும் என்பது கைப்பேசியில் வந்த வீடியோ சொல்லிக்கொடுத்தது.

இவர்கள் வரும்போதே காலம் கடந்திருக்கிறது. மாதக்கணக்கில் வயிற்றுவலியும் மலச்சிக்கலும், 'கேஸ்' என்று கடையில் மாத்திரை வாங்கி ஓட்டியிருப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை, கையில் ஆறாத அரிப்பும் வெடிப்பும் என்று வருகிறவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தோல் பதனிடும் வேலையும் பழைய பேட்டரி உடைக்கும் வேலையும்கூடக் காரணமாகலாம். ஆனால் தண்ணீரைச் சந்தேகிக்கவே விடாமல் செய்கிறது அந்தப் பானை.

ஆராய்ச்சி பொய்யில்லை

நெல் உமி, தேங்காய் நார்த்தூள், கரும்புச் சக்கை, வேர்க்கடலைத் தோல் ஆகியவை தண்ணீரில் கரைந்த ஈயத்தையும் காட்மியத்தையும் தம் மேற்பரப்பில் பிடித்துக்கொள்ளும். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதை நிரூபித்திருக்கின்றன. நம்மூர்க் கல்லூரிகளிலும் மாணவர்கள் செய்து பார்க்கிறார்கள். நல்ல வேலை, மலிவான வேலை.

ஆனால் அங்கே பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு உலோகத்தை அளந்து கரைக்கிறார்கள். அமிலத்தன்மையைத் தேவைக்கேற்பத் திருத்துகிறார்கள், மணிக்கணக்கில் குலுக்குகிறார்கள், கடைசியில் மிச்சத்தை அளக்கிறார்கள். உங்கள் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இரும்பும் உப்பும் சேர்ந்தே இருக்கின்றன. உமியில் இருக்கும் கொஞ்ச இடத்துக்கு அத்தனையும் போட்டி போடும்.

குரோமியம் இன்னும் மோசம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு மட்டுமே ஒரு லட்சம் டன்னுக்கு மேல். அதிலிருந்து கசிவது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியம். அதை உமியும் கரியும் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் தண்ணீர் ஏறக்குறைய எலுமிச்சைச் சாற்றின் புளிப்புக்கு வர வேண்டும். அப்படி ஒரு தண்ணீரை யார் குடிப்பது?

திரும்பத் திரும்பக் கேட்கும் நம்பிக்கைகள்

"கம்பெனி ஃபில்டரிலும் கரிதானே சார் இருக்கு?" இருக்கிறது. ஆனால் காங்கேயம் பக்கத்து ஆலைகளில் கொட்டாங்குச்சிக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வாட்டி, கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்குகிறார்கள். அடுப்புக் கரி அதுவல்ல. அந்த ஆலைக் கரியும்கூட முக்கியமாக வாடையையும் குளோரினையும்தான் எடுக்கும். பெயின்ட் அடித்த பழைய கதவை எரித்த கரியென்றால், அதுவே ஈயத்தைத் தண்ணீரில் இறக்கிவிடக்கூடும்.

"உமிச் சாம்பல்ல டாட்டாவே ஃபில்டர் செஞ்சாங்களே!" உண்மை. 2009-ல் வந்த 'ஸ்வச்' கருவியில் உமிச் சாம்பல் இருந்தது, வெள்ளி நுண்துகள் ஏற்றப்பட்ட சாம்பல். அது கிருமிக்காகச் செய்தது, உலோகத்துக்காக அல்ல.

"கொதிக்க வெச்சுதான் குடிக்கிறோம்." கொதித்தால் கிருமி சாகும். உலோகம் ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

"முருங்கை விதை போட்டா கண்ணாடி மாதிரி தெளியுது." தெளியும். விதையிலுள்ள புரதம் கலங்கலைத் திரட்டி அடியில் படியவைக்கும். கரைந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், தெளிவு எதற்கும் அத்தாட்சியல்ல. தண்ணீரில் மிஞ்சும் விதைச் சத்து கிருமிகளுக்குத் தீனியாகும் என்பதால் அதை மறுநாளைக்கு வைத்துக் குடிப்பதும் தவறு.

"டிடிஎஸ் மீட்டர் நல்லாத்தான் காட்டுது." இதைச் சொல்கிறவர்கள் படித்தவர்கள் என்பதுதான் வேதனை. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மொத்தக் கரைபொருளுக்கு ஏற்கத்தக்க அளவு 500 மில்லிகிராம். ஈயம் வரம்பைப் போல ஐந்து மடங்கு இருந்தாலும் அந்த மீட்டர் காட்டும் எண் மாறாது.

இன்னொன்று. பிடிக்கும் இடம் நிரம்பிய பிறகு கரியும் உமியும் எதையும் பிடிக்காது. தண்ணீரின் தன்மை மாறினால் பிடித்ததையும் திருப்பி விட்டுவிடும். நிறமோ ருசியோ மாறாது, உங்களுக்கு எந்த அறிகுறியும் கிடைக்காது.

கைவைத்தியம் என்ற பெயரில்

"உடம்பில் ஏறிய உலோகத்தை இறக்க" கொத்தமல்லிச் சாறு, விளக்கெண்ணெய்ப் பேதி, இணையத்தில் வாங்கிய கரி மாத்திரை என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். சில நஞ்சுகளுக்கு மருத்துவமனையில் நாங்களே கரி கொடுப்பதுண்டு. ஈயம், இரும்பு போன்ற உலோகங்களைக் கரி வயிற்றில் சரியாகப் பிடிக்காது என்பதால் அவற்றுக்குக் கொடுப்பதில்லை. இதை எத்தனை முறைதான் சொல்வது?

உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன. ரத்த அளவும் சிறுநீரகமும் பார்த்து, கண்காணிப்பில் வைத்துக் கொடுக்க வேண்டியவை அவை. உடலுக்குத் தேவையான துத்தநாகத்தையும் தாமிரத்தையும் சேர்த்தே இழுத்துவிடும். நச்சு இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது அவற்றைச் சாப்பிடுவது ஆபத்து. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போவது வேறு. பேருந்து நிலையத்தில் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் பற்பம் வாங்குவது வேறு. சரியாகச் செய்யாத பற்பத்தில் ஈயமும் பாதரசமும் இருக்கக்கூடும்.

பரிசோதனை

மேலே சொன்ன தொல்லைகள் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, கன உலோகங்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

சந்தேகமான போர் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குளிக்கவும் துணி துவைக்கவும் என்ன செய்வது என்பதை ஆய்வு முடிவு வந்ததும் பேசலாம். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். ஈயத்தில் குழந்தைக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையாது. மூளையில் ஏற்படும் பாதிப்பை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. ஆர்.ஓ. கருவி பெரும்பாலான உலோகங்களை எடுக்கும், ஆனால் சவ்வை நேரத்துக்கு மாற்றினால்தான்.

பானையிலிருந்து எடுத்த பழைய கரியைக் கீரைப் பாத்தியில் கொட்டாதீர்கள், பாத்திரம் தேய்க்கவும் வைக்காதீர்கள்.

உமிக்கும் நார்த்தூளுக்கும் உரிய இடம் தொழிற்சாலையின் கழிவு வாய்க்கால். அங்கே அமிலத்தன்மையைத் திருத்தலாம், அளந்து பார்க்கலாம், பயன்படுத்திய உமியைப் பாதுகாப்பாக அகற்றலாம். பட்டறை முதலாளிகள் அதைச் செய்யட்டும். 1996-லேயே உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர்கள் செய்ய வேண்டிய வேலையை உங்கள் அடுப்படிப் பானையில் நீங்கள் செய்ய வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது மாத்திரைச் சீட்டோடு தண்ணீர் ஆய்வு அறிக்கையையும் கொண்டு வாருங்கள்.