ஒரு கிராம் பவுடருக்குத் தடை! மாவு மில்களுக்குத் தலைவலி!

டீக்கடை கண்ணாடி ஜாடிக்குள் கும்மென்று உட்கார்ந்திருக்கிறதே பன், அதை உப்ப வைத்தது ஈஸ்ட் மட்டும் என்றா நினைத்தீர்கள்? பல பேக்கரிகளில் பொட்டாசியம் புரோமேட் என்ற வெள்ளைப் பவுடருக்கும் அதில் பங்கு இருந்தது!

பேக்கரி மைதாவில் 50 கிலோவுக்கு 1 கிராம் வரை போடலாம் என்று சட்டமே அனுமதித்திருந்தது.

2016 மே மாதம் குண்டு விழுந்தது. டெல்லியில் ரொட்டி, பன் என்று 38 மாதிரிகளை வாங்கிச் சோதித்தது அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம். 32-ல் புரோமேட்டோ, அதன் பங்காளி அயோடேட்டோ இருந்தது. ஒரே பரபரப்பு! அடுத்த மாதமே புரோமேட்டுக்குத் தடை போட்டது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்.

எலிக்குக் கட்டி

புரோமேட் கொடுத்த எலிகளுக்குச் சிறுநீரகத்தில் கட்டி வந்ததை 1980-களிலேயே ஜப்பானில் கண்டுபிடித்து விட்டார்கள். பிரிட்டன் 1990-ல் தடை செய்தது. நமக்கு 26 வருஷம் கழித்துத்தான் விடிந்தது!

ரொட்டி நன்றாக வெந்தால் புரோமேட் மாறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அளவு கூடிவிட்டால்? அரைவேக்காடாக எடுத்து விட்டால்? தங்கிவிடுமே!

மில்லில் என்ன சிக்கல்?

அரைத்த சூட்டோடு மைதாவை அனுப்பினால் ரொட்டி சரியாக எழும்பாது. சில வாரம் காற்றாடப் போட வேண்டும். அந்தக் காத்திருப்பை மிச்சம் பிடித்துக் கொடுத்ததுதான் புரோமேட். விலையும் சல்லிசு.

அது போனதும் மில்காரர் என்ன செய்வார்? மூட்டையை அடுக்கி வைத்தால் குடோன் வேண்டும். போட்ட பணம் முடங்கும். நாள் பட்டால் வண்டு வேறு விழும்! எனவே நெல்லிக்காயில் இருக்கிறதே வைட்டமின் சி, அதையும் என்சைமையும் பிடித்துக் கொண்டார்கள். செலவு கூடுதல். சொந்த லேப் உள்ள பெரிய மில் சமாளிக்கும். சின்ன மில்தான் பாவம்.

பேக்கரி மாஸ்டருக்கும் கைப்பழக்கம் மாற வேண்டி வந்தது. புரோமேட் அடுப்பு வரை நின்று நிதானமாக வேலை செய்யும். வைட்டமின் சி பிசையும்போதே வேலையைக் காட்டிவிடும்.

எண்ணைப் பாருங்கள்

ரொட்டி பாக்கெட்டில் 282 என்று இருந்தால் பயப்படாதீர்கள். அது பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுவது, அனுமதி உண்டு. 300 என்பது வைட்டமின் சி. 924 என்று கண்டால் வாங்காதீர்கள், அதுதான் தடை செய்த சரக்கு!

டீக்கடை ஜாடி பன்னில்தான் எந்த எண்ணும் இருக்காது. அதை லேபில் சோதித்தால்தான் உண்டு.