கையா, காலா? வள்ளம் ஓட்டும் கணக்கு

கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் எழுந்தன. 1985இல் கொத்மலை அணை திறக்கப்பட்டது. வீட்டையும் விளைநிலத்தையும் தண்ணீருக்குக் கொடுத்து இடம்பெயர்ந்தவர்களின் வேதனையை நாம் அறிவோம். மண்ணை இழந்த குடும்பத்துக்கு நீர்த்தேக்கத்து மீனும் ஒரு விளைச்சலே. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று பல நீர்த்தேக்கங்களில் வலைக்கு அகப்படுகிறது.

வலை போடச் செல்பவர் துடுப்பு வலித்தே போகிறார். விடியற்காலைக் குளிரில், எதிர்காற்றில், தோள் நோக வலிக்க வேண்டும். காலால் மிதித்து ஓட்டினால் என்ன என்ற கேள்வி நியாயமானதே.

அமெரிக்காவின் ஹோபி நிறுவனம் 1997இல் அப்படியொரு சிறு வள்ளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு மிதிகளை மாறி மாறித் தள்ளும்போது, வள்ளத்தின் அடியிலுள்ள இரு செட்டைகள் பென்குயின் பறவையின் சிறகுகளைப் போல இடமும் வலமுமாக வீசுகின்றன.

இதில் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, கால் தசைகள் கைத் தசைகளைவிடப் பெரியவை. கையால் மட்டும் உழைக்கும்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசன், காலால் உழைக்கும்போது பயன்படுத்துவதில் பத்தில் ஏழு பங்கு அளவே. துடுப்பு வலிக்கையில் இடுப்பும் முதுகும் துணைக்கு வந்தாலும், தோளே முதலில் களைக்கும். இரண்டாவது, துடுப்பு நீரிலிருந்து எழும்பி மீண்டும் இறங்கும்வரை உந்துதல் இல்லை. செட்டையோ போகும்போதும் வரும்போதும் உந்துகிறது.

ஆனால் "இரட்டை வேகம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வேகம் கூடக்கூட நீரின் எதிர்ப்பு அதைவிட விரைவாகக் கூடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு வலு வேண்டும். வலுவை இரட்டிப்பாக்கினால் வேகம் ஏறத்தாழ கால்வாசிதான் கூடும். ஆகவே மிதிப்பதன் உண்மையான பயன் வேகத்தில் அன்று, களைப்புக் குறைவதிலேயே உள்ளது. கைகள் ஓய்வாக இருப்பதால் வலையைக் கவனிக்கவும் முடியும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். செட்டைகள் நீருக்குள் தொங்குபவை. பாசியும் வலையும் சிக்கிக்கொள்ளும். வரட்சியில் மவுசாக்கலையின் நீர் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயிலும் கட்டடங்களும் வெளியே தெரிவதைக் கண்டிருப்பீர்கள். அத்தகைய கற்களில் செட்டை மோதினால் சேதமாகும். துடுப்பு முறிந்தால் ஊர்த் தச்சரே புதிது செய்து தருவார். மிதிப்பொறியின் உதிரிப்பாகமோ கடல் கடந்து வர வேண்டும்.

எனவே கடன் எடுப்பதற்கு முன் சோதித்துப் பாருங்கள். மிதிவள்ளம் ஒன்று இரவலாகக் கிடைத்தால், கரையில் இரண்டு அடையாளங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள், ஒரே சுமையுடன், காற்றோடு ஒரு தடவையும் காற்றுக்கு எதிராக ஒரு தடவையும் மிதித்துச் செல்லட்டும். நன்றாக இளைப்பாறிய பின் மிதிப்பொறியைக் கழற்றிவிட்டு, துடுப்பு வலித்து அதே தூரம் போகட்டும். ஒவ்வொரு முறையும் சென்ற நேரத்தையும், முடிந்தவுடன் நாடித் துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் ஒன்றாயிருந்து நாடி குறைவாக இருந்தால், அந்த முறையே உங்களுக்கு ஏற்றது. எப்படி ஓட்டினாலும் உயிர்காப்பு அங்கி அணியுங்கள். மிதிவள்ளத்திலும் ஒரு துடுப்பு இருக்கட்டும்.

நாளும் நெடுந்தூரம், ஆழமான நீரில் போகிறவருக்கு மிதி உதவும். கரையோரத்தில் வலை போடுகிறவருக்குத் துடுப்பே போதும். ஒருமுறை எல்லாம் இழந்த குடும்பம், தேவையற்ற ஒரு பொருளுக்காக மறுபடி கடனில் மூழ்கக் கூடாது. ஊரார் கூடிக் கணக்குப் பார்த்தபின் முடிவு எடுப்போம்.