காஸ் அடுப்பு பற்றவில்லையா?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம், கல்பிட்டிக் கரையில் வாழ்ந்த குடும்பங்களில் பல இப்போது முசலி, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகப் புத்தளத்தில் ஒரு வீடு, காணியைப் பார்க்க ஊரில் ஒரு வீடு என்று இரண்டு இடத்திலும் அடுப்பு வைத்திருப்போரும் உண்டு. இப்படி மாறி மாறிப் பூட்டிக் கிடக்கும் வீட்டில்தான் காஸ் அடுப்பு அதிகம் பழுதாகிறது. பெரும்பாலும் அது சிறிய பழுது. புது அடுப்பு வாங்கத் தேவையில்லை.

வீட்டைத் திறந்ததும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். காஸுக்கு இயல்பாக மணமில்லை. கசிவு தெரியட்டும் என்றுதான் அந்தக் கெட்ட மணத்தைச் சேர்க்கிறார்கள். மணம் வந்தால் லைற் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நெருப்புப் பெட்டியைத் தொடாதீர்கள். ரெகுலேற்றரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வாருங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது. அது தரையோடு பரவி மூலைகளில் தேங்கும். ஆகவே யன்னலை மட்டும் திறப்பது போதாது, கதவும் திறந்திருக்க வேண்டும். பாயில் தூங்கும் குழந்தையை முதலில் தூக்குங்கள்.

மணம் இல்லை, ஆனால் அடுப்பு பற்றவில்லை என்றால், சிலிண்டரில் காஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டிப் பார்த்துச் சொல்வது சரிவராது. வெறும் சிலிண்டரின் நிறை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கடைத் தராசில் நிறுத்து, அந்த அளவைக் கழித்தால் மீதி காஸ் எவ்வளவு என்று தெரியும். லொறியில் படுக்க வைத்துக் கொண்டுவந்த சிலிண்டரை உடனே பூட்டாதீர்கள். நிமிர்த்தி வைத்து, சிறிது நேரம் அசையாமல் விடுங்கள்.

அடுத்தது ரெகுலேற்றர். லிட்ரோ சிலிண்டருக்குரியது லாஃப்ஸ் சிலிண்டருக்குப் பொருந்தாது. புத்தளத்தில் ஒன்றும் ஊரில் மற்றொன்றும் வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பலவந்தமாக அழுத்திப் பூட்ட வேண்டாம். சிலிண்டர் வாயிலுள்ள ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ, சிலிண்டரைக் கொடுத்த கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். ரெகுலேற்றரைக் கழற்றித் திருத்துவது வீட்டு வேலையல்ல. பழுதானால் மாற்றுவதுதான் வழி.

இனி அடுப்பு. கரையோர வீடுகளில் நாம் காணும் பழுதில் அதிகமானது அடைப்பு. உப்புக் காற்றில் பேர்னரின் துளைகளில் துரு படியும். அடுப்பு சும்மா கிடந்தால் சிலந்தி வலை கட்டும், குளவி மண் கூடு வைக்கும். காஸ் வந்தும் சுவாலை சிறிதாகவோ மஞ்சளாகவோ எரிந்தால், சட்டியின் அடி கரி பிடித்தால், பெரும்பாலும் இதுதான் காரணம். நன்றாக எரியும் சுவாலை நீலமாக இருக்கும். ரெகுலேற்றரைக் கழற்றி, அடுப்பு ஆறிய பிறகு பேர்னரை எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, முற்றாக வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு பூட்டினால் மறுபடியும் சரியாக எரியாது. பேர்னருக்குக் கீழே, காஸ் வரும் ஜெட்டின் துளை மிகவும் நுண்ணியது. மின்கம்பியின் உள்ளேயிருக்கும் ஒற்றைச் செப்பு இழையை மெதுவாக விட்டு எடுங்கள். தையல் ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு சுவாலை அடங்காது.

ரப்பர் குழாயைக் கடைசியாக எழுதுகிறோம்; ஆபத்து அதில்தான் கூட. 2021 நவம்பர், டிசம்பரில் நாட்டின் பல இடங்களில் காஸ் வெடிப்புகள் நடந்து, அதை ஆராய ஜனாதிபதி ஒரு குழுவையும் நியமித்தது நினைவிருக்கும். காஸ் கலவையில் புரொப்பேன் கூடினால் அமுக்கமும் கூடும். அப்போது பழைய குழாயும் தளர்ந்த கிளிப்பும்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். பூட்டிக் கிடந்த வீட்டில் எலி கடித்திருக்கவும் கூடும். குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் டேப் சுற்றாமல் மாற்றுங்கள். அடுப்பு மூடியிருக்க, ரெகுலேற்றரைத் திறந்து, குழாய் முழுவதும், இரண்டு கிளிப்புகளிலும் சவர்க்கார நுரை பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அதை வீட்டில் யாரும் செய்ய விடாதீர்கள்.

இவ்வளவு பார்த்தும் பற்றவில்லை என்றால், அல்லது குமிழி நிற்கவில்லை என்றால், சிலிண்டரை மூடி வெளியே நிழலில் நிமிர்த்தி வைத்துவிட்டு, முகவரை வரச் சொல்லுங்கள். அதுவரை விறகடுப்பில் சமைக்கலாம். ஆனால் சிலிண்டர் இருக்கும் பக்கம் வேண்டாம். யாருக்காவது தீக்காயம் பட்டால், பற்பசையோ எண்ணெயோ பூசாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.