பீரோவில் தூங்கும் கார்டு

"நமக்குத்தான் ஒரு காசு கடன் கிடையாதே! அப்புறம் ஏனாம் குறைத்துக் கொடுக்கிறார்கள்?"

சிட்னியில் முதல் வீடு வாங்கக் கிளம்பும் எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் எழக்கூடிய கேள்வி இது. வென்ட்வொர்த்வில்லிலோ டூங்காபியிலோ வாடகைக்குக் குடியிருந்து, வருஷக் கணக்காகச் சிக்கனம் பிடித்து முன்பணம் சேர்த்திருப்பார்கள். பாங்கியோ, அவர்கள் எதிர்பார்த்த கடனில் 60,000 டாலரைக் குறைத்துச் சொல்கிறது. காரணம் என்ன தெரியுமா? ஆபத்து சம்பத்துக்கு இருக்கட்டும் என்று பீரோவில் வைத்த கிரெடிட் கார்டு!

"நான் அதைத் தொட்டதே இல்லையே!" என்பீர்கள். ஆஸ்திரேலியப் பாங்கிகள் அதைக் கேட்பதில்லை. நீங்கள் வாங்கிய கடன் எவ்வளவு என்று பார்ப்பதோடு, நாளைக்கே எவ்வளவு வாங்க முடியும் என்றும் பார்க்கின்றன. வீட்டுக் கடன் கைக்கு வந்த மறுநாள் நீங்கள் கடைத்தெருவுக்குப் போய், கார்டின் லிமிட் முழுவதையும் செலவழிக்கலாம் அல்லவா? அதைத் தடுக்க யாராலும் முடியாது. ஆகவே, கார்டில் பாக்கி இல்லாவிட்டாலும், லிமிட் முழுவதும் கடனாக இருப்பதாகவே கணக்கு எழுதுகிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். கணவருடைய கார்டின் லிமிட் 10,000 டாலர், மனைவியுடையது 6,000. ஆக 16,000. இதில் மாதம் 100க்கு 3 வீதம் தவணை என்று வைத்தால் 480 டாலர். சில பாங்கிகள் இன்னும் கூடுதலாகவே வைப்பதுண்டு. இந்த 480 டாலரை வீட்டுத் தவணைக்கு உதவாத பணம் என்று ஒதுக்கி விடுவார்கள்.

மேலும், வட்டி ஏறினாலும் தாங்குமா என்று 3 சதவிகிதம் கூட்டிப் பார்க்கும்படி, பாங்கிகளை மேற்பார்க்கும் ஏப்ரா என்ற அமைப்பு 2021-இல் சொல்லியிருக்கிறது. வட்டி 6 சதவிகிதமானால் 9 என்று போட வேண்டும். அந்தக் கணக்கில், மாதம் 480 டாலர் என்பது 30 வருஷத்தில் சுமார் 60,000 டாலர் கடனுக்கான தவணை. போயிற்றா ஓர் அறை!

"லிமிட் பெரிதாக இருந்து செலவு சிறிதாக இருந்தால் நல்லதுதானே?" என்று ஊரிலிருந்து அண்ணா எழுதுவார். இந்தியாவில் சிபில் மதிப்பெண்ணுக்கு அது நல்லதுதான். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கடன் கேட்கும் இடத்தில் அந்த யோசனை செல்லாது.

பரிகாரம் சுலபம். மனுப் போடுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பீரோவைத் திறந்து, எத்தனை கார்டுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். வேண்டாதவற்றை மூடுங்கள், வேண்டியதன் லிமிட்டைக் குறையுங்கள். 2019 ஜனவரி முதல் எடுத்த கார்டானால் இதை இணையத்திலேயே செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கார்டை வெறுமே கத்தரித்துப் போட்டால் கணக்கு மூடாது, ஜாக்கிரதை! மூடுவதற்கு முன் மின்சாரம், டெலிபோன் கட்டணம் ஏதாவது அதிலிருந்து தானாகப் போகிறதா என்று பாருங்கள். மூடியதற்குக் கடிதம் கேட்டு வாங்கி, மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.

ஒரு கார்டை மறைத்து விடலாமே என்று மட்டும் நினைக்க வேண்டாம். கடன் வரலாற்று அறிக்கையில் லிமிட்டும் பதிவாகிறது, பாங்கி பார்த்துவிடும். அந்த அறிக்கையை 3 மாதத்துக்கு ஒருமுறை நீங்களும் இலவசமாகப் பெறலாம்.

அதற்காக உள்ள கார்டையெல்லாம் மூடிவிட்டு, அவசரத்துக்குக் கையில் பணமில்லாமல் நிற்கவும் கூடாது. சேமிப்பில் ஒரு தொகையைத் தனியாக வைத்துவிட்டு மூடுங்கள். இல்லையேல், 1,000 டாலர் லிமிட்டில் ஒன்றே ஒன்று போதும். அதற்கு மாதம் 30 டாலர்தான் கணக்கில் விழும்.

கணவர் வீடு பார்க்கப் புறப்படும் ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் முதலில் பீரோவைப் பாருங்கள்!