உப்பளத்து ஊரில் தேனீக்கு ஒரு வேலி

எங்கள் பக்கத்தில் தர்பூசணி போடுகிறவர்களைக் கேட்டால், பாதிக் கவலை விலை, மீதிக் கவலை கோணக்காய் என்பார்கள். ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பிக் கிடக்கும் காயை வியாபாரி தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ‘சத்து பத்தல, நுண்ணூட்டம் அடி’ என்று மருந்துக்கடையில் சொல்லி அனுப்புவார்கள். சில நேரம் அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், காலை ஏழு மணிக்குக் கொடிக்கு நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்து தேனீ வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

தர்பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் பிஞ்சு தெரியும். காலையில் விரியும், பிற்பகலில் சுருங்கிவிடும். அந்த ஒரு நாள்தான் அதற்கு ஆயுசு. மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. சூல்முடி மூன்று மடலாக இருக்கும். மூன்றிலும் மகரந்தம் நிறைய விழுந்தால்தான் எல்லாப் பக்கமும் விதை பிடித்துக் காய் சமமாகத் திரளும். ஒரு தேனீ ஒரு தடவை வந்து போனால் போதாது. விதை பிடிக்காத பக்கம் சூம்பிவிடும்.

சரி, தேனீ எங்கே போச்சு? மரக்காணத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். உப்பளத்தில் பாத்தியும் வரப்பும் உமரியும்தான். அதைத் தாண்டினால் சவுக்கு. சவுக்கு காற்றில் மகரந்தம் விடுகிற மரம், அதில் தேன் கிடையாது. கண்ணுக்குப் பச்சையாக இருந்தாலும் தேனீக்கு அது பட்டினிக் காடு. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக மனை போட்ட இடத்திலெல்லாம் பழைய முள்வேலி போய், கல்லுக்காலும் கம்பியும் வந்துவிட்டது. தர்பூசணி பூக்கிற சில வாரம் மட்டும் விருந்து. மீதி மாதமெல்லாம் சோறு கிடைக்காத ஊரில் யார் குடியிருப்பார்கள்?

என்ன செடி இந்த மண்ணுக்கு வரும் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கீழ்ப்புதுப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் போய்ப் பார்த்தால் போதும். சாமி காடு என்று ஊர் வெட்டாமல் விட்டதால், இந்தக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் மிச்சம் அங்கே நிற்கிறது. காசா மரம் குச்சியெல்லாம் நீலமாகப் பூத்திருக்கும் கோடையில் போய் நின்றால், இரைச்சலே வழி காட்டும். இதே காட்டுச் செடிகளை ஆரோவில்லில் பிச்சாண்டிகுளம் காட்டுக்காரர்கள் பல வருஷமாக வளர்த்து வருகிறார்கள்.

என் வீட்டுத் தோட்டம் பதினைந்து சென்ட். அதைச் சுற்றி உயிர்வேலியாகத்தான் வைத்தேன். தேனீக்கென்று தனியாக இடம் ஒதுக்கவில்லை. முதலில் ஆவாரை. பொங்கலுக்குக் காப்பு கட்டப் பறிக்கிறோமே, அதே பூதான். இதில் ஒரு விசேஷம் உண்டு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பை வெடித்துத் திறக்காது. நுனியில் ஊசி முனை மாதிரி ஓட்டை மட்டும் இருக்கும். உப்பு டப்பாவைக் குலுக்குவது போலக் குலுக்கினால்தான் கொட்டும். குலுக்கத் தெரிந்தது கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத்தேனீக்கும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட தேனீக்கும்தான். பூவைக் கட்டிப்பிடித்து ‘உர்ர்’ என்று அதிரும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. கத்தரி, தக்காளிப் பூவும் இதே கட்டுமானம். அதனால் கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் ஆவாரை நிற்பது நல்லது. தேன்பெட்டி வாங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தேனுக்கு நொச்சி. கவாத்து பண்ணப் பண்ணப் புதுக் கிளை விட்டு நீலக்கதிராகப் பூக்கும். ஆடு கடிக்காது, பூச்சிவிரட்டிக்கு இலையும் ஆச்சு. பனிக்காலத்தில் ஆடாதொடை கைகொடுக்கும். சூரைமுள் பூ சிறுசு, பச்சையாகக் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கொசுத்தேனீ மொய்க்கும். உப்புக்காற்று நேராக அடிக்கிற பக்கம் இதெல்லாம் வைக்காதீர்கள். அங்கே உகா, சங்கஞ்செடி, பீச்சங்கு மூன்றும்தான் தாக்குப்பிடிக்கும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறியபோது முருங்கையும் வாழையும் சாய்ந்தன. உகாவுக்கு இலை உதிர்ந்ததோடு சரி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வேலிக்காத்தானை நாம் எல்லோரும் திட்டுகிறோம், பிடுங்கவும் வேண்டும். ஆனால் அதன் பூவில் தேனீ நன்றாகவே மேய்கிறது. வேறொன்றும் இல்லாத ஊரில் அதை ஒரே நாளில் ஜேசிபி வைத்து வழித்துவிட்டால், மேய்ச்சல் ஒரேயடியாகப் போய்விடும். ஒரு பக்கம் நாட்டுச் செடி பூக்க ஆரம்பித்த பிறகு மறுபக்கத்தை எடுங்கள். நர்சரியில் கலர் கலராக விற்கிற காகிதப்பூவும் அடுக்குச் செம்பருத்தியும் இதற்கு ஈடாகாது.

நடுவதற்கு ஐப்பசி மழைதான் காலம். நொச்சியும் ஆடாதொடையும் குச்சியிலேயே வரும். விரல் தடிமனுக்கு ஒரு முழக் குச்சி, மூன்றடிக்கு ஒன்று. ஆவாரைக்கு விதை தோல் தடிப்பு. மணலில் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றி மூடாக்குப் போட்டால் போதும். அந்த மூடாக்கிலும் அங்கங்கே ஓரிரு சாண் மண்ணைத் திறந்து விடுங்கள். மண்ணில் வளை தோண்டிக் குடியிருக்கிற தேனீ பல உண்டு. மேலோட்டமான சட்டியில் கல் போட்டு நல்ல தண்ணீர் வையுங்கள். உப்பளத்து ஊரில் அதுதான் பஞ்சம்.

இயற்கை மருந்துதானே என்று வேப்பங்கொட்டைக் கரைசலையும் இஞ்சி பூண்டுக் கரைசலையும் காலையில் பூ மேல் அடிக்காதீர்கள். தர்பூசணிப் பூ சுருங்கிய பிறகு, சாயங்காலம் அடியுங்கள்.

வேலி பூக்க ஆரம்பித்ததும் எங்கள் வீட்டில் ஒரு பிராது வந்தது. ‘உன் வண்டு வாசக்காலைத் துளைக்குதுடா’ என்றார் மாமா. தச்சுத்தேனீதான், வட்டமாக ஓட்டை போட்டுக் குடும்பம் நடத்தும். அதைப் பிடித்து அழுத்தினால் ஒழிய கொட்டுவது அபூர்வம். ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று போடும். வேலியோரம் காய்ந்த மரக்கட்டை இரண்டும் மூங்கில் துண்டுகள் கொஞ்சமும் மழை படாமல் கட்டித் தொங்கவிட்டேன். அடுத்த கோடையில் பாதி அங்கே குடிபோய்விட்டது. மீதி இன்னும் வாசக்காலில்தான் இருக்கிறது, மாமாவுக்கும் பழகிவிட்டது.