கூரையைப் பிரித்த நாலு பேர்

காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அக்கா ஒருவர் சாயங்காலம் டீ போட்டுக் கூப்பிட்டார். மகள் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. கொஞ்ச நாளாக சனிக்கிழமை மதியமானால் "இ.யூ. போறேன்" என்று கிளம்பிவிடுகிறாளாம். "ஞாயித்துக்கிழமை சபைக்குத்தான் வர்றாளே தம்பி, இது என்ன தனியா? லீவுல வேற முகாமாம். படிப்பு என்னத்துக்கு ஆகும்?"

நியாயமான கேள்வி. டீயை ஆற்றிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன்.

இ.யூ. என்றால் இவாஞ்சலிக்கல் யூனியன், கல்லூரிக்குள் மாணவர்கள் கூடும் சின்ன ஐக்கியம். பல கல்லூரிப் பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்தால் ஐ.சி.இ.யூ. இவற்றையெல்லாம் நாடு முழுக்க இணைக்கும் யு.இ.எஸ்.ஐ. (யூனியன் ஆஃப் இவாஞ்சலிக்கல் ஸ்டூடன்ட்ஸ் ஆஃப் இந்தியா) 1954-ல் தொடங்கியது. முதல் தலைவர் ஈனோக், விலங்கியல் பேராசிரியர். பொதுச் செயலாளராக இருந்து ஊர் ஊராக மாணவர்களைத் தேடிப் போனவர் பி.டி. சந்தாபிள்ளை. ஆனால் கூட்டத்தை நடத்துவது பெரியவர்கள் இல்லை, மாணவர்களேதான். பாடுவது, ஜெபிப்பது, வேதம் ஆராய்வது, காணிக்கைக் கணக்கு எழுதுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. படித்து முடித்தவர்கள் பக்கத்தில் நின்று தாங்குவார்கள்.

"வேத ஆராய்ச்சின்னா? அங்கயும் பிரசங்கம்தானே?"

இல்லை அக்கா. ஆறேழு பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒரு பகுதியை வாசித்துவிட்டு மூன்று கேள்வி: இங்கே என்ன எழுதியிருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம், நான் என்ன செய்யவேண்டும். நான் படித்த காலத்தில் மாற்கு இரண்டாம் அதிகாரத்தை எடுத்தோம். திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிவந்து, கூட்டத்தால் உள்ளே போகமுடியாமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்கிய கதை. ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டதுதான். அன்றைக்கு, அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் கேட்டான்: "இயேசு யாரோட விசுவாசத்தைப் பார்த்தார்? படுத்திருந்தவனோடதுன்னு மட்டும் இங்க இல்லையே, தூக்கினவங்களோடதும்ல சேர்ந்திருக்கு?" சட்டென்று எல்லாரும் மறுபடி குனிந்து வாசித்தோம். யாரும் சொல்லித்தராமல் தன் கண்ணாலேயே கண்டுபிடித்த வசனம் மனசை விட்டுப் போகாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த விசுவாசம் பிள்ளையின் சொந்த விசுவாசமாவது இப்படித்தான் என்பது என் அனுபவம்.

மிஷன் பாரமும் இப்படி மாணவர்கள் நடுவில்தான் பிடிக்கும். இ.யூ.வுக்கு முன்பும் அப்படித்தான். 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர். படிப்புக்குப் பின் ஒய்.எம்.சி.ஏ.யில் இளைஞர்களிடையே வேலை செய்தார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ் மாணவர்கள் தாங்களே ஒரு மிஷன் சங்கம் வைத்து, கடல் தாண்டி நம் தொண்டிப் பக்கம் ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். திருநெல்வேலியிலோ ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவர்கள் இருந்தும் அப்படி வெளியே அனுப்பும் சங்கம் இல்லை. அந்த வேதனையோடு திரும்பி வந்தார். மறு வருஷம், 1903 பிப்ரவரி 12-ல், பாளையங்கோட்டையில் ஐ.எம்.எஸ். என்ற இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதே என்பது அதன் கொள்கை. முதல் களம் நிஜாம் ராஜ்ஜியத்து தோர்ணக்கல். பின்னாளில் அசரியாவே அங்கே பிஷப் ஆனார், 1912-ல்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ இவளும் படிப்ப விட்டுட்டு மிஷனரியா போயிடுவாளா?"

அவர் பயம் புரிந்தது. போகிறவர்கள் உண்டு, ஆனால் எல்லாரும் முழுநேர ஊழியத்துக்குப் போவதில்லை. டாக்டராக, வாத்தியாராக, பேங்கில், ஐ.டி. கம்பெனியில் இருந்துகொண்டு சாட்சியாக வாழ்பவர்களே அதிகம். படிப்பை விடு என்று எந்த நல்ல சீனியரும் சொல்லமாட்டார். கடவுள் கொடுத்த வேலையை உண்மையாகச் செய் என்றுதான் சொல்வார்கள். எனக்குக் கணக்கில் அரியர் விழுந்தபோது, ஹாஸ்டல் மொட்டைமாடியில் இரவெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் எங்கள் இ.யூ. தலைவர். அவருக்கும் அடுத்த வாரம் பரீட்சை.

"நீங்கதான் அந்தப் படுக்கையில படுத்திருந்த ஆளா?"

"ஆமாக்கா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏய், முகாமுக்கு என்னைக்குடி பணம் கட்டணும்?"